கேட்கப்படாத கேள்விகள்

முன்னாள் மாணவர் என்ற முறையில் ஆண்டிதழுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று இவ்வாண்டுச் செயலவையினர் கேட்டபோது, முதலில் தட்டிக் கழிக்கவே நினைத்தேன். கதை, கவிதை எனக்கு வராது. பிறகுதான் ஓர் எண்ணம் வந்தது. இதே ஆண்டிதழ் தொடர்பாக நான் சொல்லாமல் விட்ட ஒரு செய்தி ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக மனத்தில் கிடக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் கணினியைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும். கலைப்புல நண்பர்கள் பொறுத்தருள்க.

2006ஆம் ஆண்டு. கழக அறையில் ஒரு பழைய கணினி இருந்தது. பட்டதாரி அண்ணன் ஒருவர் வேலை கிடைத்ததும் புதிது வாங்கிக்கொண்டு, பழையதைக் கழகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பென்டியம் 3, நினைவகம் 128 மெகாபைட். விண்டோஸ் இருந்த வரைக்கும் அது கணினியாக இல்லை, வைரஸ் வளர்க்கும் தொட்டியாக இருந்தது. வருகிறவர்கள் எல்லாரும் விரலியைச் செருகுவார்கள், ஆளுக்கு ஒன்று விட்டுவிட்டுப் போவார்கள். கணினித் துறை மாணவன் என்ற ஒரே தகுதியால் அதைச் சரிசெய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் லினக்ஸ் ஏற்றினேன். எல்லாம் ஒழுங்காகவே நடந்தது.

அதோடு விட்டிருக்க வேண்டும். ஆனால் அப்போது எனக்கு வயது இருபத்தொன்று.

இயங்குதளத்தின் நடுவில் உட்கார்ந்துகொண்டு வன்பொருளையும் மென்பொருளையும் பேச வைக்கும் பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். கருனி என்றும் எழுதுகிறார்கள். நாங்கள் கெர்னல் என்றே சொன்னோம். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது எழுதத் தொடங்கியது லினக்ஸ் கெர்னல். அதன் மூல நிரல் எல்லாருக்கும் திறந்தே கிடக்கிறது. நமக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று தெரிவு செய்து, நம் கணினிக்கென்றே ஒன்றை நாமே உருவாக்கிக்கொள்ளலாம். நினைவகம் குறைவாக உள்ள கணினியில் வேண்டாதவற்றைக் கழித்துவிட்டால் கொஞ்சம் மிச்சமாகும். இது நான் மற்றவர்களுக்குச் சொன்ன காரணம். சொந்தமாகக் கெர்னல் தொகுத்தவன் என்று சொல்லிக்கொள்ள வேண்டும் என்பதுதான் சொல்லாத காரணம்.

2.6.17ஐ இறக்கினேன். தெரிவுப் பட்டியலைத் திறந்தால் நீலப் பின்னணியில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. அதற்குள் ஆயிரக்கணக்கான கேள்விகள், பட்டியலுக்குள் பட்டியலாக அடுக்கப்பட்டிருக்கும். பெரும்பாலானவற்றுக்கு மூன்று விடைகள் உண்டு: ஆம் என்றால் அது கெர்னலுக்குள்ளேயே சேர்ந்துவிடும், மாட்யூல் என்றால் தனிக் கோப்பாக வெளியே இருந்து, தேவைப்படும்போது உள்ளே வரும், இல்லை என்றால் இல்லை. நான் இரண்டு இரவுகள் உட்கார்ந்து ‘இல்லை, இல்லை’ என்று அழுத்திக்கொண்டே போனேன். வேப்பிலை அடிப்பது போல ஒரு மனநிறைவு.

முதல் முறை தொகுத்தபோது கணினி தொடங்கவே இல்லை. மூலக் கோப்பு முறைமையை ஏற்ற முடியவில்லை என்று கூறி, (3,1) என்ற எண்ணைத் திரையில் காட்டிவிட்டு அப்படியே நின்றுவிட்டது. வட்டில் இருந்த கோப்பு முறைமை எக்ஸ்ட்3. அதை நான் மாட்யூலாக வைத்திருந்தேன். அந்த மாட்யூல் இருப்பது வட்டில். வட்டைப் படிக்க அந்த மாட்யூல் வேண்டும். சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியவன் கதைதான். அந்த (3,1) என்பது வட்டின் முதல் பகுதி கண்ணில் படுகிறது, ஆனால் படிக்கத் தெரியவில்லை என்பதன் அடையாளம். அதுவே (0,0) என்று வந்திருந்தால் வட்டே தெரியவில்லை என்று பொருள். இந்த ஒன்றைப் பின்னாளில் எத்தனையோ முறை பயன்படுத்தியிருக்கிறேன்.

எக்ஸ்ட்3ஐ ‘ஆம்’ என்று மாற்றி மீண்டும் தொகுத்தேன். தொடங்கியது. இணையம் வந்தது, அச்சுப்பொறி வேலை செய்தது. செயலவைக் கூட்டத்தில் அதைப் பற்றிச் சொல்லிக் கைத்தட்டும் வாங்கினேன். விரலியைச் செருகிப் பார்க்க மட்டும் தோன்றவில்லை.

ஆண்டிதழ்க் கட்டுரைகளுக்கான கடைசி நாள் ஒரு வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை காலை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். மாலை ஆறு மணி வாக்கில் முதலாண்டுத் தங்கை ஒருத்தி கழக அறைக்கு வந்தாள். கையில் ஒரு விரலி. தன் பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தைப் பற்றிச் சொன்னவற்றையெல்லாம் எழுதி, சைபர் கஃபேயில் மூன்று நாள் உட்கார்ந்து தட்டச்சு செய்திருந்தாள். பாட்டி அதைச் சொன்னது அந்த ஆண்டு சீனப் புத்தாண்டு விடுமுறையில். அதற்குப் பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுவிட்டது. கட்டுரை விரலியில் மட்டும்தான் இருந்தது.

செருகினேன். திரையில் விரலியின் பெயர் வந்தது, தயாரிப்பாளர் பெயரும் வந்தது. அவ்வளவுதான். எத்தனை மெகாபைட் என்ற வரி வரவில்லை, வட்டாகவும் தோன்றவில்லை. இரண்டு முறை கழற்றிச் செருகினேன், வேறு துளையில் செருகினேன். அதே கதை. வாயில் காவலாளி பெயர் சொல்கிறான், வீட்டுக்குள் ஆளில்லை. அப்படியானால் உள்ளே தகவலைத் தாங்கும் சிப் செத்துவிட்டது என்று முடிவுகட்டினேன். படித்த முட்டாளுக்கு விளக்கம் சொல்வது எளிது.

“விரலி போச்சும்மா” என்றேன்.

“எடுக்க முடியாதாண்ணே?”

“முடியாது. ஃபார்மட் பண்ணித் தர்றேன், விரலியாவது மிஞ்சும்.”

அவள் ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பையைத் திறந்து எதையோ தேடுவது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆண்டிதழ் ஆசிரியராக இருந்த அக்கா, “பரவாயில்லடா, பக்கத்தை வேற எதையாவது போட்டு நிரப்பிக்கலாம்” என்றார். நான் விரலியை எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போனேன். என் அறைத்தோழன் இயந்திரப் பொறியியல் மாணவன். விண்டோஸ் எக்ஸ்பி போட்ட மடிக்கணினி வைத்திருந்தான். செருகியதும், திறக்காமலேயே வலது சொடுக்கினேன். ஃபார்மட் என்ற சொல்லின்மேல் சுட்டி இருந்தது. அவன் ரொட்டி சானாய் தின்றுகொண்டே கட்டிலிலிருந்து கேட்டான்: “டேய், உள்ள என்ன இருக்குன்னு பார்த்தியா?”

திறந்து பார்த்தோம். ஒன்பது கோப்புகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் தமிழில் பெயர்.

கட்டுரையை அக்காவுக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். விரலியை எடுத்துக்கொண்டு கழக அறைக்கு ஓடினேன். தங்கை இன்னும் அங்கேயே இருந்தாள். “எப்படிண்ணே?” என்று கேட்டாள். “சரி பண்ணிட்டேன்” என்றேன்.

அன்றிரவு தூங்கவில்லை. விரலியில் பழுதில்லை என்றால் பழுது என் கெர்னலில்தான். விரலிக்கான தெரிவை நான் ‘ஆம்’ என்றுதானே வைத்தேன்? பட்டியலைத் திறந்து பார்த்தேன். ஆம் என்றே இருந்தது.

காரணம் வேறு இடத்தில் இருந்தது. லினக்ஸ் விரலியோடு நேராகப் பேசுவதில்லை. அதை ஸ்கசி வட்டு போலப் பாவித்து, ஸ்கசிப் பிரிவின் வழியாகவே பேசும். ஸ்கசி என்பது பெரிய சர்வர்களில் இருந்த ஒரு வட்டு இணைப்பு முறை. நம் கழகக் கணினியில் ஏது ஸ்கசி என்று அந்தப் பிரிவை முழுக்கவே அணைத்திருந்தேன். பிறகு விரலித் தெரிவை ஆம் என்றதும் அது ஸ்கசியைத் தானாகவே ஏற்றிவிட்டது. ஆனால் அதற்குள்ளே ‘ஸ்கசி வட்டு ஆதரவு’ என்ற இன்னொரு தெரிவு உண்டு. அதை யாரும் ஏற்றவில்லை. ஆகவே கெர்னல் விரலியைக் கண்டது, பெயரைக் கேட்டது, இது ஒரு வட்டு என்று நடத்துவதற்கு ஆளில்லாமல் நின்றது. இதில் வெட்கக்கேடு என்னவென்றால், பட்டியலிலேயே விரலித் தெரிவுக்குச் சற்று மேலே, ‘ஸ்கசி வட்டு ஆதரவும் தேவைப்படலாம்’ என்று ஒரு குறிப்பு எழுதியே வைத்திருந்தார்கள். ‘இல்லை, இல்லை’ என்று அழுத்துகிறவன் குறிப்பைப் படிப்பானா?

இதில் மூன்று வகையான சார்புகள் இருக்கின்றன. நான் இதைப் பிறகுதான் பிரித்துப் புரிந்துகொண்டேன்.

முதலாவது, ஒன்று இருந்தால்தான் மற்றொன்று என்பது. கழகத்தில் தலைவர் கையொப்பம் இல்லாமல் பொருளாளரிடம் பணம் வாங்க முடியாதல்லவா, அதுபோல. ஆனால் கெர்னல் பட்டியல் ஒரு படி மேலே போகும்: கையொப்பம் இல்லையென்றால் விண்ணப்பப் படிவத்தையே கண்ணில் காட்டாது. தாய்த் தெரிவை அணைத்தால் அதன் பிள்ளைகள் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். இல்லாததைத் தேடிக்கொண்டே இருப்போம். அக்காலத்தில் முதல் பட்டியலிலேயே, முழுமையடையாத நிரல்களையும் காட்டட்டுமா என்று ஒரு கேள்வி இருக்கும். அதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ‘என் கருவிக்கு லினக்ஸில் ஆதரவே இல்லை’ என்று புலம்பியவர்கள் பலர். எதற்கெடுத்தாலும் அந்த முத்திரையைக் குத்தியதில் அது பொருளிழந்துபோய், 2012-13 வாக்கில் அந்தக் கேள்வியே கைவிடப்பட்டது. இன்னொரு நுட்பமும் உண்டு. தாய் மாட்யூலாக இருந்தால் பிள்ளையும் மாட்யூலாகத்தான் இருக்கலாம். ‘ஆம்’ என்பதற்கு இடமே இருக்காது. ஏன் என்று அந்த இடத்தில் யாரும் சொல்லமாட்டார்கள்.

இரண்டாவது, ஒன்றைத் தெரிவு செய்தால் அது தனக்கு வேண்டியதை இழுத்துக்கொண்டு வருவது. விருந்துக்கு ஒருவரை அழைத்தால் அவர் மைத்துனரையும் கூட்டிக்கொண்டு வருவார் அல்லவா? அப்படி வந்த மைத்துனரை நாம் வெளியே அனுப்ப முடியாது. பட்டியலில் அவர் பெயருக்கு முன் அசைக்க முடியாத ஒரு குறி இருக்கும். அனுப்ப வேண்டுமென்றால் அழைத்தவரைத்தான் அனுப்ப வேண்டும். ஆபத்து வேறொன்று. இப்படி இழுத்து வரும்போது, இழுக்கப்படும் தெரிவுக்கென்று உள்ள நிபந்தனைகளைக் கெர்னல் பார்ப்பதில்லை. மைத்துனருக்கு இந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா என்று கேட்காமலே இலையில் உட்கார வைத்துவிடும். தொகுக்கும்போது பாதியில் பிழை வந்து நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நிபந்தனை நிறைவேறாமலே ஒன்று ஏற்றப்பட்டிருக்கிறது என்ற எச்சரிக்கை பின்னாளில் சேர்க்கப்பட்டது. கெர்னலோடு வரும் ஆவணமே, நிபந்தனை ஏதும் இல்லாத தெரிவுகளை மட்டும் இப்படி இழுங்கள் என்று எழுத்தாளர்களுக்கு அறிவுரை சொல்கிறது. எல்லாரும் கேட்பதில்லை.

இந்தத் தெரிவு மொழியை ரோமன் சிப்பல் எழுதி, 2002ஆம் ஆண்டு இறுதியில் கெர்னலில் சேர்த்தார்கள். அதற்கு முன் எரிக் ரேமண்ட் பைத்தான் மொழியில் வேறொரு முறையை உருவாக்கிக் கொடுத்தார். பெரிய வாக்குவாதம் நடந்து அது ஏற்கப்படாமலே போயிற்று. அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பதில் எனக்கு இன்றும் தெளிவில்லை.

மூன்றாவது வகைதான் என் கழுத்தை அறுத்தது: எங்கும் விதியாக எழுதப்படாத சார்பு. விரலிக்கும் ஸ்கசி வட்டுக்கும் இடையே விதி இல்லை. விரலித் தெரிவை ஏற்றியவர் வட்டுக்காகத்தான் ஏற்றினார் என்று கெர்னலுக்கு எப்படித் தெரியும்? தொகுப்பதில் பிழை வராது, தொடங்குவதில் பிழை வராது. பயன்படுத்தும் அன்றுதான் தெரியும்.

அன்றிரவு ஸ்கசி வட்டை ஏற்றி மீண்டும் தொகுத்தேன். அந்தக் கணினியில் ஒவ்வொரு முறையும் முழுதாகத் தொகுக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். விடியற்காலையில் என் சொந்த விரலியைச் செருகினேன். வட்டு தெரிந்தது. ஏற்றப் போனால், 437 என்ற எழுத்துப் பட்டியல் இல்லை என்று மறுத்துவிட்டது.

இதைச் சொல்ல இன்னும் கூச்சமாக இருக்கிறது. தெரிவுப் பட்டியலில் மொழி ஆதரவு என்று ஒரு பிரிவு உண்டு. அதில் ஏராளமான எழுத்துப் பட்டியல்கள். 437க்கு நேராக ‘அமெரிக்கா, கனடா’ என்று போட்டிருக்கும். 8859-1க்கு நேராக ‘மேற்கு ஐரோப்பிய மொழிகள்’ என்றிருக்கும். தமிழ்க் கழகத்துக் கணினிக்கு இதெல்லாம் எதற்கு என்று, யுடிஎஃப்-8ஐ மட்டும் வைத்துக்கொண்டு மற்ற அனைத்தையும் பெருமையோடு நீக்கியிருந்தேன். ஆனால் விரலிகளில் வழக்கமாக உள்ள ஃபேட் கோப்பு முறைமை டாஸ் காலத்தது. அதன் குறும்பெயர்கள் ஐபிஎம் கணினியின் 437 பட்டியலில் இருப்பதாகவே கெர்னல் எடுத்துக்கொள்ளும், நாம் வேறு சொல்லாத வரைக்கும். பெயரை வெளியே காட்டுவதற்கு 8859-1ஐ நாடும். ஃபேட் தெரிவை ஏற்றினால் மொழிப் பிரிவு தானாக ஏறும். ஆனால் எந்தப் பட்டியல் என்பது நம் பொறுப்பு. மீண்டும் அதே மூன்றாம் வகை.

இரண்டையும் சேர்த்தேன். விரலி ஏறியது. சோதனைக்காக நான் வைத்திருந்த தமிழ்ப் பெயர்க் கோப்புகள் எல்லாம் வரிசையாகக் கேள்விக்குறிகளாக நின்றன. திறந்தால், அப்படி ஒரு கோப்பே இல்லை என்றது. நல்லவேளையாக வட்டில் பெயர்கள் யூனிகோடில்தான் இருக்கின்றன. அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஐரோப்பிய எழுத்துகளுக்குள் தமிழைத் திணிக்கப் பார்த்ததால் வந்த கேள்விக்குறிகள் அவை. ஏற்றும்போது யுடிஎஃப்-8 என்று ஒரு சொல் சேர்த்ததும் பெயர்கள் தமிழில் எழுந்து நின்றன. தங்கையின் விரலி ஒருவேளை முதலிலேயே ஏறியிருந்தால்கூட, நான் கேள்விக்குறிகளைப் பார்த்துவிட்டு, ‘கோப்புகள் கெட்டுவிட்டன’ என்றுதான் சொல்லியிருப்பேன்.

அதன் பிறகு தெரிவுக் கோப்பைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். நாம் அளித்த விடைகள் எல்லாம் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் சேமிக்கப்படும். அதில் நாம் ‘இல்லை’ என்று சொன்ன தெரிவுகளுக்கு, முன்னால் ஒரு குறியிட்டு, ‘அமைக்கப்படவில்லை’ என்று ஒரு வரி இருக்கும். வெறும் குறிப்புரை போலத் தோன்றினாலும் கெர்னல் அந்த வரியைப் படிக்கிறது. ஆனால் தாய் அணைந்திருப்பதால் மறைந்துபோன தெரிவுக்கு வரியே இருக்காது. அதாவது, வேண்டாம் என்று நாம் சொன்னதற்கும், நம்மிடம் கேட்கவே படாததற்கும் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். ஒன்றைத் தேடி வரியே இல்லை என்றால் பட்டியலில் மேலும் கீழும் அலைய வேண்டியதில்லை. சாய்வுக்கோட்டு விசையை அழுத்திப் பெயரைத் தேடினால், அது எதைச் சார்ந்திருக்கிறது, எதை இழுக்கிறது, எதனால் இழுக்கப்படுகிறது என்று மூன்றையும் காட்டும். நிபந்தனைகளில் எது நிறைவேறவில்லை என்று பார்த்து, அங்கிருந்து மேலே ஏற வேண்டும். மறைந்துள்ளவற்றையும் சேர்த்துக் காட்ட இப்போது மெனுகான்ஃபிக் திரையில் இசட் விசை இருக்கிறது. கோப்பைக் கையால் திருத்தி ‘ஆம்’ என்று எழுதுவது மட்டும் கூடாது. தாய் இல்லையென்றால் அடுத்த முறை தொகுக்கும்போது அந்த வரியைக் கெர்னல் சத்தமில்லாமல் அழித்துவிடும்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் 2014இல் மீண்டும் மாட்டிக்கொண்டேன். வேலையில், ஆற்று நீர்மட்டத்தை அளந்து அனுப்பும் சிறு பெட்டிகளுக்குக் கெர்னல் அமைப்பது என் பொறுப்பு. கணினி உறைந்துபோனால் தானாக மீண்டும் தொடங்கச் செய்யும் காவல்கடிகாரச் சில்லு அதில் இருந்தது. வேண்டிய தெரிவுகளை மட்டும் ஒரு சிறு கோப்பில் எழுதி, அடிப்படைக் கோப்போடு இணைப்பது எங்கள் வழக்கம். அந்தச் சில்லுக்கான தெரிவை எழுதினேன். அதன் தாய்த் தெரிவான காவல்கடிகாரப் பிரிவை எழுத மறந்தேன். இணைக்கும் கருவி, ‘கேட்ட மதிப்பு இறுதிக் கோப்பில் இல்லை’ என்று ஒரு வரி எச்சரித்தது. அது நூற்றுக்கணக்கான வரிகளுக்கு இடையில் ஓடிப்போயிற்று. மழைக்காலத்தில் ஒரு பெட்டி உறைந்து, உறைந்தபடியே கிடந்தது. நான்கு மணி நேரம் வண்டி ஓட்டிப் போய், சேற்றில் இறங்கி, மின்னிணைப்பைக் கழற்றி மாட்டினேன். ஆபத்தில்லாமல் போனது என் நல்லகாலம். திரும்பி வந்ததும், கேட்டதும் கிடைத்ததும் ஒத்துப்போகாவிட்டால் தொகுப்பையே நிறுத்திவிடும்படி ஒரு சோதனையைச் சேர்த்தேன். எச்சரிக்கையை யாரும் படிப்பதில்லை என்று எனக்குத் தெரியும்; படிக்காதவன் நானே.

இன்று கெர்னலில் உள்ள தெரிவுகள் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டன. எல்லாவற்றையும் ஒருவர் தலையில் வைத்திருக்க முடியாது. தாறுமாறாக விடையளித்துத் தொகுத்துப் பார்த்து விடுபட்ட நிபந்தனைகளைக் கண்டுபிடிப்பதற்கென்றே தானியங்கிகள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. எழுதாமல் விட்ட விதியால் தொகுப்பு உடைந்தால் அவை கண்டுபிடித்துவிடும். தொகுப்பு உடையாமல், பயன்படுத்தும்போது மட்டும் தெரியவரும் மூன்றாம் வகைக்கு விரலியைக் கொண்டுவந்து செருகிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

தங்கையின் கட்டுரை அவ்வாண்டு இதழில் வந்தது. பால் வாளியின் கனத்தைப் பற்றியும், விடியுமுன் மரத்தடியில் கேட்கும் சத்தங்களைப் பற்றியும் பாட்டி சொன்னது அப்படியே இருந்தது. இதழ் வெளியீட்டன்று அவள் அம்மாவும் வந்திருந்தார். என்னைத் தேடிப் பிடித்து, “நீங்கதானா தம்பி அது” என்று கையைப் பிடித்துக்கொண்டார். கட்டுரையின் அடியில், சிறிய எழுத்தில், அழிந்துபோன கோப்பை மீட்டுத் தந்தவர் என்று என் பெயரைப் போட்டு நன்றி சொல்லியிருந்தாள். கழக அறையில் அந்த இதழின் படி இன்னும் இருக்குமானால், தயவுசெய்து அந்த வரியை அடித்துவிடுங்கள். கேட்டவன் என் அறைத்தோழன்.